மண்சுவர்க் குடிசையில் ஒரு நாடகம்

(யூபிலி நாடக விழாவின் முதல் நாள் மாலை, திரை தூக்குவதற்கு முன் ஆற்றிய உரை)



நாடகம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை நாடகத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நாடகத்துக்கு முன்னால் பேசுகிறவனின் நிலை பரிதாபமானது. அவன் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், எப்போது முடிப்பான் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே பொதுவாக நாடகக்கலையின் சிறப்பு, அதன் பழமை, பெருமை என்றெல்லாம் பேசி உங்களைச் சோதிக்க நான் விரும்பவில்லை. ஒரே ஒரு நாடகத்தின் கதையைச் சொல்கிறேன். நாடகத்துக்குள் இருக்கும் கதையைக் காட்டிலும், அந்த நாடகம் கடல் கடந்து போன கதையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நாடகத்தின் பெயர் ‘தி ரெக்ரூட்டிங் ஆபீசர்’. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் அதிகாரி என்று நம் மொழியில் சொல்லலாம். எழுதியவர் ஜார்ஜ் பார்க்குவர். 1677-ஆம் ஆண்டு வாக்கில் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். டப்ளின் நகரில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு நடிகரானார். ஒரு நாள் மேடையில் கத்திச் சண்டைக் காட்சி. நடிப்புக்கென்று வைத்திருந்த மழுங்கிய கத்தியை எடுப்பதற்குப் பதிலாக, மறதியில் உண்மையான வாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதிரே நின்று நடித்தவருக்குப் பலத்த காயம். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் பார்க்குவர் அன்றோடு நடிப்பை விட்டுவிட்டார். (உள்ளே இருக்கும் தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும். இன்றைய நாடகத்திலும் ஒரு கத்தி வருவதாகக் கேள்வி.)

பிறகு லண்டனுக்கு வந்து நாடகம் எழுதினார். வயிறு நிறையவில்லை. பட்டாளத்தில் லெப்டினன்ட் ஆனார். அப்போது இங்கிலாந்து ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரரோடு பெரும் போர் நடத்திக்கொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய்ப் படைக்கு ஆள் சேர்ப்பது இவருக்கு இட்ட வேலை. ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் தாம் கண்டதையும் செய்ததையும் வைத்து எழுதியதுதான் இந்த நாடகம். 1706-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பட்டது. வெற்றி என்றால் அப்படி ஒரு வெற்றி. ஆனால் மறு ஆண்டே, முப்பது வயது நிறைவதற்குள், கையில் காசில்லாமல் பார்க்குவர் இறந்துபோனார்.

கதை என்ன என்று கேட்பீர்கள். கேப்டன் பிளூம் என்ற அதிகாரியும் கைட் என்ற சார்ஜெண்டும் தம்பட்டம் அடித்துக்கொண்டு ஒரு சிற்றூருக்கு வருகிறார்கள். நேர்வழியில் ஆள் கிடைக்காதபோது குறுக்கு வழி. கைட் ஒரு சோதிடனைப் போல வேடம் போட்டு உட்கார்ந்துகொள்கிறான். குறி கேட்க வந்த கொல்லனிடம், நீ பீரங்கிப் படையின் பட்டறைகளுக்கே தலைவனாகப் போகிறாய் என்கிறான். கசாப்புக்காரனிடம், நீ பட்டாளத்துக்கே தலைமை அறுவை மருத்துவனாகப் போகிறாய் என்கிறான்! இன்னொரு காட்சியில் இரண்டு நாட்டுப்புறத்து வாலிபர்களுக்கு ராணியின் அழகான படம் என்று சொல்லி ஆளுக்கு ஒரு தங்க நாணயத்தைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். பையன்களும் வாங்கிக்கொள்கிறார்கள். அரசாங்கத்தின் பணத்தைக் கைநீட்டி வாங்கியவன் பட்டாளத்தில் சேர்ந்தவன் என்பது அந்தக் காலத்து வழக்கம். முடிந்தது கதை.

எல்லாவற்றிலும் சிறந்தது நீதிமன்றக் காட்சி. பிழைப்புக்கு வழியில்லாமல் திரிகிறவனை நீதிபதிகள் பிடித்துப் படையில் தள்ளலாம் என்று அப்போது சட்டமே இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற தொழில் எதுவும் இல்லாதவன் என்பது சட்டத்தின் வாசகம். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டும் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இவனுக்குத் தொழில் இருக்கிறதே, எப்படிப் பிடிக்கலாம் என்று கேள்வி வருகிறது. அதற்குச் சார்ஜெண்ட் கைட் சொல்லும் பதிலைக் கேளுங்கள். இவனுடைய தொழில் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் இவன் மண்ணுக்கு அடியில் அல்லவா வேலை செய்கிறான்! நீதிபதிகளும் ஒப்புக்கொள்கிறார்கள். அவனைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்னும் ஒன்று. நாடகத்தின் தொடக்கத்தில், சேர்ந்த ஆட்களின் கணக்கைச் சார்ஜெண்ட் ஒப்புவிக்கிறான். அதில் ஒருவன் வக்கீல் தொழில் பார்த்தவன் என்று தெரிந்ததும், அவனை உடனே அனுப்பிவிடு என்கிறார் கேப்டன் பிளூம். எழுதத் தெரிந்த எவனும் என் படையில் இருக்கக் கூடாது. எழுதத் தெரிந்தால் மனு எழுதத் தொடங்கிவிடுவான் என்பது அவருடைய நியாயம். இந்தச் சிறு வேடிக்கையை மட்டும் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு நாம் திரும்பி வரவேண்டும்.

நடுவில் ஒரு காதல் கதையும் உண்டு. நீதிபதியின் மகள் சில்வியா ஆண் வேடமிட்டு, கேப்டனைத் தொடர்ந்து பட்டாளத்திலேயே சேர்ந்துவிடுகிறாள். பெற்ற தந்தையே அடையாளம் தெரியாமல் அவளை விசாரிக்கிறார். முடிவில் திருமணம். சுபம்.

இப்படிப்பட்ட நாடகம் இங்கிலாந்தில் நின்றுவிடவில்லை. ஆங்கிலேயர் குடியேறிய இடமெல்லாம் அதுவும் போயிற்று. அமெரிக்கா அப்போது இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. 1732-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் நியூயார்க்கில் ஒரு புதிய நாடகசாலை திறந்தார்கள். திறப்பு நாளில் நடிக்கப்பட்டது இந்த நாடகம்தான். பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்று அதைச் செய்தியாக வெளியிட்டு, ஒரே ஒரு நடிகரின் பெயரைப் பாராட்டிச் சொல்கிறது. தாமஸ் ஹெடி என்பது அந்தப் பெயர். அவர் தொழில்? ஆட்சிப் பொறுப்பிலிருந்த பெரியவருக்கு முகச்சவரம் செய்வதும், பொய்முடி கட்டித் தருவதும். பகலில் கத்தியும் சோப்பும், இரவில் நாடகத்தில் கனவான் வேடம். நியூயார்க் நாடக மேடையின் வரலாற்றில் நமக்குத் தெரிந்த முதல் பெயர்களுள் ஒன்று ஒரு நாவிதருடையது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. யாரோ ஒரு பத்திரிகைக்காரன் பெயரைப் போட்டான். இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பந்தலில் நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

தென்கரோலினாவில் உள்ள சார்ல்ஸ்டன் நகரில் நாடகத்துக்கென்றே ஓர் அரங்கம் கட்டி 1736-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் திறந்தார்கள். அங்கும் இதே நாடகம். டாக் ஸ்ட்ரீட் அரங்கம் என்று அதற்குப் பெயர். அது அழிந்து, இருநூறு ஆண்டுகள் கழித்து 1937-இல் அந்த இடத்தில் அதே பெயரோடு அரங்கம் மீண்டும் திறந்தபோது, மறக்காமல் அதே நாடகத்தையே நடித்தார்கள். அமெரிக்கர்கள் இதைப் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் 1736-இல் அந்த நாட்டுப் பகுதியில் வெள்ளையரைவிட, ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளே தொகையில் அதிகம். நெல் வயல்களில் அவர்கள் மாடாய் உழைத்தார்கள். அந்த நெல்லை விற்றுப் பணக்காரரான தோட்ட முதலாளிமார் முன்வரிசையில் அமர்ந்து, ஏழை மக்களை ஏமாற்றிப் பட்டாளத்துக்குப் பிடித்துப்போகிற காட்சியைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே அது வெறும் பொழுதுபோக்கு நாடகம். அவ்வளவுதான்.

அதே நாடகம் வேறு ஒரு குடியேற்றத்துக்குப் போனபோது என்ன ஆயிற்று என்பதே நான் சொல்ல வந்தது. அதற்கு முன் ஒரு சிறு வரலாற்றுச் செய்தி.

இங்கிலாந்தில் திருடி அகப்பட்டவர்களை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் சுமார் 50,000 பேரை அப்படி அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் எதிர்த்துப் போர் தொடுத்துச் சுதந்திரம் பெற்றதும் அந்தக் கதவு அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களை நங்கூரமிட்டு அவற்றிலும் கைதிகளை அடைத்தார்கள். அதுவும் போதவில்லை. அப்போதுதான், உலகத்தின் மறுகோடியிலுள்ள ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 1787-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் 11 கப்பல்கள் புறப்பட்டன. ஆணும் பெண்ணுமாக எழுநூறு பேருக்கு மேல் கைதிகள். துணி திருடியவர்கள், உணவுப் பொருள் திருடியவர்கள் என்று பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள். எட்டு மாதப் பயணம். 1788 ஜனவரி 26-ஆம் நாள் சிட்னித் துறையில் இறங்கினார்கள்.

இறங்கிய இடத்தில் வீடில்லை, வயலில்லை. விதைத்தது சரியாக விளையவில்லை. கப்பலில் கொண்டுவந்த மாவையும் உப்பிட்ட இறைச்சியையும் அளந்து அளந்து கொடுத்தார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பல் எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பண்டகசாலையில் கை வைத்தவனுக்கு மன்னிப்பில்லை. 1789 மார்ச் மாதத்தில், காவல் காக்க வந்த சிப்பாய்களிலேயே ஆறு பேர் கள்ளச் சாவி செய்து பண்டகசாலையில் திருடியது தெரிந்து, ஆறு பேரையும் தூக்கிலிட்டார்கள். அவர்களுடைய தோழர்களான சிப்பாய்களில் அன்று கண்ணீர் விடாதவர் அரிது என்று, உடனிருந்த ஈஸ்டி என்ற சாதாரணச் சிப்பாய் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தான்.

இன்னொரு துயரமும் அந்த மாதங்களில் நேர்ந்தது. அந்த மண்ணின் மக்களிடையே 1789 ஏப்ரல் மாதம் பெரியம்மை பரவியது. கரையோரக் குகைகளிலும் சிறு துறைகளிலும் பிணங்கள் கிடந்தன. அரபானூ என்ற ஒருவரை, மொழி பழகிக்கொள்வதற்காகக் கவர்னர் பிலிப்பின் உத்தரவுப்படி மேன்லி என்ற இடத்தில் பலவந்தமாகப் பிடித்து வந்து வைத்திருந்தார்கள். நோயுற்ற தம் மக்களுக்கு அவர் பணிவிடை செய்தார். தமக்கும் நோய் கண்டு மே 18-ஆம் நாள் இறந்தார். கவர்னரின் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்த பதினேழாம் நாள், ஜூன் 4. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள். அன்று மாலை கைதிகளில் சிலர் அனுமதி பெற்று ஒரு நாடகம் நடித்தார்கள். அது ‘தி ரெக்ரூட்டிங் ஆபீசர்’. நமக்குத் தெரிந்தவரை, ஆஸ்திரேலியாவில் நடிக்கப்பட்ட முதல் ஆங்கில நாடகம் அதுவே.

அரங்கம் ஒரு குடிசை. கைதிகள் தங்கும் மண்சுவர்க் குடிசை. கவர்னரும் அதிகாரிகளும் வந்தார்கள். பார்த்தவர்கள் எல்லா வகையினருமாக அறுபது பேர். அங்கிருந்த வாட்கின் டென்ச் என்ற கடற்படை அதிகாரி, பின்னால் 1793-இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். மூன்று நான்கு கஜம் சாயம் தோய்த்த காகிதம், மண்சுவரில் சுற்றிலும் செருகி வைத்த ஒரு டஜன் காலணா மெழுகுதிரிகள். அலங்காரம் அவ்வளவே என்கிறார். அந்த அற்ப அலங்காரமே எல்லார் முகத்திலும் மலர்ச்சியை உண்டாக்கியது என்று ஒப்புக்கொள்ளத் தமக்கு வெட்கமில்லை என்றும் சொல்கிறார். நாம் இங்கே ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் என்ன பாடுபட்டோம் என்று விழாக் குழுவினருக்குத் தெரியும். அந்தப் பன்னிரண்டு மெழுகுதிரிகளை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

இப்போது அந்தக் குடிசைக்குள் நீங்களும் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நீதிமன்றக் காட்சி வருகிறது. நீதிபதியாக அமர்ந்திருப்பவன் ஒரு கைதி. ஒருநாள் லண்டனிலோ வேறு ஊரிலோ உண்மையான நீதிபதி முன்னால் கைகட்டி நின்று, ஏழு ஆண்டு நாடு கடத்தல் என்ற தீர்ப்பைக் கேட்டவன். குற்றவாளியாக நிற்பவனும் கைதி. அவனுக்கு நடிப்புச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதிகாரியின் சிவப்புச் சட்டையில் வருகிறவனும் கைதி; எதிரே உண்மையான சிவப்புச் சட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன. நிலக்கரி வெட்டுகிறவன் மண்ணுக்கடியில் வேலை செய்கிறான், ஆகவே அவன் தொழில் கண்ணுக்குத் தெரியவில்லை என்ற வசனம் வரும்போது, சார்ல்ஸ்டன் முதலாளி சிரித்த சிரிப்பும் இந்தக் குடிசையில் எழுந்த சிரிப்பும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. எழுத்தில் ஒன்றும் மாறவில்லை. சொல்கிற வாயும் கேட்கிற காதும் மாறிவிட்டன.

அந்தக் குடியேற்றத்துக்கு நீதிபதியாக இருந்தவர் டேவிட் காலின்ஸ். தூக்குத் தண்டனைகள் அவர் தலைமை வகித்த நீதிமன்றத்திலிருந்து வந்தவை. அவரும் பின்னாளில் எழுதிய வரலாற்றில் இந்த நாடகத்தைக் குறிப்பிடுகிறார். பார்ப்பவர்களைக் கொஞ்சம் சிரிக்க வைப்பதைத் தவிர வேறு பெரிய ஆசை தங்களுக்கு இல்லை என்று நடிகர்கள் சொல்லிக்கொண்டதாகவும், அவர்களுக்குக் கைதட்டல் கிடைக்காமல் போகவில்லை என்றும் எழுதுகிறார். நீதிபதிக்கு உரிய அளந்த பேச்சு!

இனித்தான் என் மனக்குறையைச் சொல்ல வேண்டும். நாடகத்தின் முன்னும் பின்னும் ஓர் உரை படிக்கப்பட்டது. அந்தக் காலத்து ஆங்கில நாடகங்களில் அது வழக்கம். நடித்தவர்களில் ஒருவரே அவ்விரண்டையும் சொந்தமாக எழுதியிருந்தார். அதாவது ஒரு கைதி. தங்கள் நிலைமையைப் பற்றியும், அந்தக் காட்டில் நாடகம் நடப்பதன் புதுமையைப் பற்றியும் அதில் ஓரளவு நயமான குறிப்புகள் இருந்தன என்று டென்ச் சொல்கிறார். சொல்லிவிட்டு, ஆனால் இங்கே எடுத்து எழுதும் அளவுக்குத் தகுதியானவை அல்ல என்று விட்டுவிடுகிறார்.

டென்ச் கெட்ட மனிதர் அல்லர். அக்குடியேற்றத்தைப் பற்றி எழுதியவர்களில் அவரைப் போல் இரக்கத்தோடும் சுவையோடும் எழுதியவர் வேறில்லை என்று நினைக்கிறேன். அவர் எழுதியிராவிட்டால் மெழுகுதிரிகளின் எண்ணிக்கை நமக்கு எப்படித் தெரியும்? மெழுகுதிரியை எண்ணியவர், காகிதத்தை அளந்தவர், தலைகளை எண்ணியவர், அந்தக் கைதி எழுதிய நாலு வரியை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டாரே என்பதுதான் என் வருத்தம். எழுதத் தெரிந்தவன் என் படையில் வேண்டாம் என்று கேப்டன் பிளூம் சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? இங்கே எழுதத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். எழுதினான். கவர்னர் முன்னிலையில் அதைப் படிக்கவும் செய்தார்கள். ஆனாலும் அது போய்விட்டது. நடித்தவர்களில் ஒருவர் பெயரையாவது டென்ச்சும் சொல்லவில்லை, காலின்ஸும் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், முதல் கப்பல்களிலேயே ஓர் அச்சு எந்திரமும் வந்திருந்தது. கவர்னர் கொண்டுவந்தார். ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் வரவில்லை. எந்திரம் ஏழு ஆண்டுகள் சும்மா கிடந்தது. 1795 வாக்கில் ஜார்ஜ் ஹியூஸ் என்ற கைதி அதை இயக்கத் தொடங்கினார். 1796 ஜனவரியில் ராபர்ட் சிடவே என்ற முன்னாள் கைதி, ரொட்டி சுடுகிறவர், சிட்னியில் ஓர் உண்மையான நாடக அரங்கமே தொடங்கினார். காசில்லாதவர் மாவோ தானியமோ இறைச்சியோ கொடுத்து உள்ளே போகலாம். கங்காரு இறைச்சி என்று சொல்லி, ஓர் அதிகாரியின் அருமையான வேட்டை நாயை அடித்துக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டாம்! வீட்டுக்காரர்கள் நாடகம் பார்க்கப் போன நேரத்தில் அவர்கள் வீட்டில் திருட்டும் நடந்தது. சில ஆண்டுகளில் கவர்னரின் உத்தரவால் அரங்கம் மூடப்பட்டது.

ஆனால் அந்த அரங்கத்தின் ஒரு நோட்டீசு பிழைத்தது. 1796 ஜூலை 30-ஆம் நாள் நடந்த ‘ஜேன் ஷோர்’ என்ற நாடகத்தின் நோட்டீசு, ஹியூஸ் அச்சிட்டது. இன்று கிடைக்கும் ஆஸ்திரேலிய அச்சுத்தாள்களில் மிகப் பழையது அதுவே. யார் யார் என்ன வேடம் என்று பெயர்கள் அதில் இருக்கின்றன. அது இருந்த இடம் தெரியுமா? கனடா நாட்டு நூலகத்தில், யாரோ துண்டுக் காகிதங்கள் ஒட்டிவைத்த ஓர் ஏட்டில். கனடா அரசாங்கம் அதை 2007-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகக் கொடுத்தது. ஒரு சாதாரண நாடக நோட்டீசு! நாம் அதை மறுநாள் காலையில் வடை கட்ட உபயோகிக்கிறோம்.

1789-இல் அந்தக் கைதி எழுதியது தொலைந்த இடம் காலியாகவும் இருக்கவில்லை. அதில் வேறொருவர் வந்து உட்கார்ந்துகொண்டார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில், சிட்னிக் கைதிகளின் நாடக முன்னுரை என்று ஒரு கவிதை பரவியது. பாரிங்டன் என்ற புகழ்பெற்ற ஜேப்படித் திருடர் எழுதியது என்றார்கள். நாங்கள் நாட்டை விட்டுப் போனதே நாட்டுக்கு நன்மை, ஆகவே நாங்களே மெய்யான தேசபக்தர்கள் என்பதாக அதில் ஒரு கிண்டல் உண்டு. அது மிகவும் புகழ்பெற்றுவிட்டது. ஆனால் பாரிங்டன் சிட்னிக்கு வந்ததே 1791-இல். அவர் பெயரில் லண்டனில் விற்ற புத்தகங்களும் அவர் எழுதியவை அல்ல. அந்தக் கவிதை, இங்கிலாந்தில் வசதியாக இருந்த ஹென்றி கார்ட்டர் என்பவர் எழுதியது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். கைதி எழுதிய வரிகளைத் தகுதியில்லை என்று எறிந்துவிட்டு, கைதி பேசுவதுபோலக் கனவான் எழுதியதை இருநூறு ஆண்டுகள் சுவைத்துக்கொண்டிருந்தார்கள்!

இந்தச் செய்தி இன்னும் இருவர் கைக்குப் போயிற்று. ஒருவர் தாமஸ் கெனீலி. ஆஸ்திரேலிய நாவலாசிரியர். குருவாவதற்காகக் குருமடத்தில் சில ஆண்டுகள் படித்து, குருப்பட்டம் பெறாமலே வெளியே வந்தவர். அந்தக் குருமடம் இருந்தது மேன்லியில். அரபானூவைப் பிடித்தார்களே, அதே மேன்லி. அவர் 1987-இல் ‘தி பிளேமேக்கர்’ என்ற நாவலில், இந்த ஒரு நாள் நாடகத்தைத் தயாரித்த கதையைக் கற்பனை செய்து எழுதினார். மறு ஆண்டு டிம்பர்லேக் வெர்ட்டன்பேக்கர் என்ற அம்மையார் அந்த நாவலை நாடகமாக்கினார். ‘அவர் கன்ட்ரீஸ் குட்’ என்று பெயர். நம் நாட்டின் நன்மைக்காக என்று பொருள். பெயரைக் கேட்டதும் உங்களுக்குப் புரிந்திருக்கும், அந்தப் போலிக் கவிதையிலிருந்து எடுத்ததுதான். தெரிந்தேதான் எடுத்திருப்பார். லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் 1988-இல் அது நடந்தபோது, அதே நடிகர்கள் ஒரு நாள் பார்க்குவரின் பழைய நாடகத்தையும், மறுநாள் அந்தப் பழைய நாடகத்தைக் கைதிகள் நடித்த கதையையும் மாற்றி மாற்றி நடித்தார்கள். அந்தப் புதிய நாடகத்தில் கரையோரம் நின்று கப்பல்களைப் பார்க்கும் ஓர் ஆதிகுடி மனிதரும் வருகிறார். கடைசியில் அவருக்கும் பெரியம்மை.

நாவலிலும் நாடகத்திலும் நடிகர்களுக்குப் பெயர்கள் உண்டு. முதல் கப்பல்களில் வந்த உண்மையான கைதிகள் சிலரின் பெயர்களையே எடுத்து வேடங்களைப் பங்கிட்டிருக்கிறார்கள். அது கற்பனை. ஆனாலும் பெயரில்லாமல் இருப்பதற்கு அது மேல் என்றே நான் நினைக்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கலாம்.

1989-ஆம் ஆண்டு, அந்தக் குடிசை நாடகம் நடந்து சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் பிளண்டஸ்டன் என்ற இடத்திலிருந்த சிறைச்சாலையில் ‘அவர் கன்ட்ரீஸ் குட்’ நாடகத்தைக் கைதிகளே நடித்தார்கள். நீண்ட தண்டனை பெற்றவர்கள். ஆசிரியை போய்ப் பார்த்தார். நடித்த கைதிகள் சிலர், நாடகம் தங்களுக்கு என்ன செய்தது என்று பின்னர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் அந்தக் கடிதங்களைத் தம் நாடகப் புத்தகத்திலேயே, நாடகத்தோடு சேர்த்து அச்சிட்டுவிட்டார். எழுதினவர்களுடைய பெயரோடு. இன்றும் அந்த நாடகத்தைப் பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கிற மாணவர்கள் அந்தக் கடிதங்களையும் படிக்கிறார்கள். டென்ச் எடுத்து எழுதாமல் விட்டதற்கு, இருநூறு ஆண்டுக்குப் பிறகு ஓர் அம்மையார் ஈடு கட்டியதுபோல எனக்குத் தோன்றும்.

பேச்சை நீட்டிவிட்டேன் போலிருக்கிறது. விழாக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். யூபிலி மலரில் இந்த நாடகத்தின் படம் போடும்போது, ராஜா வேடம், ராணி வேடம் போட்டவர்கள் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்கும் நான்கு சிறுவர்கள், திரை இழுப்பவர், ஆர்மோனியம் வாசிப்பவர், வசனம் மறந்தால் மறைவில் நின்று எடுத்துக் கொடுப்பவர், இவர்கள் பெயரும் வரட்டும். நாடகத்துக்கு முன் பாடப்போகும் வரவேற்புப் பாடலை எழுதியது நம் பங்கு இளைஞர் ஒருவர்தான் என்று கேள்விப்பட்டேன். அதையும் முழுவதுமாக அச்சிடுங்கள். தகுதியானதா இல்லையா என்று யாரும் பார்க்க வேண்டாம்.

ஓரத்திலிருந்து கை காட்டுகிறார்கள். அரிதாரம் முடிந்துவிட்டதாம். மேடையை உரியவர்களிடம் ஒப்படைத்து இறங்குகிறேன்.